ஆயிரத்திருநூறு ரூபாய்க்கு ஒரு பந்து

ஒரு மனிதரின் கூலியை ஒரே ஒரு தாளால் பாதியாக்கினேன். அவர் எனக்கு எந்தக் கெடுதலும் செய்தவரல்ல. அதை எழுதும்போது எனக்குக் கோபமோ பகையோ இருக்கவில்லை. சிரிப்பு இருந்தது, உற்சாகம் இருந்தது, பக்கத்தில் சூடான காப்பி இருந்தது. தாளில் போட்டிருந்த வகுத்தலில் ஒரு பிழையும் இல்லை. பிழை என்னிடம் இருந்தது. அது அப்போதே எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி சொல்லப்போவதில் பாதிக்கு மேல் சிரிக்கும்படியாகத்தான் இருக்கும், அந்தச் சிரிப்பின் நடுவே நான் நழுவிப் போய்விடக் கூடாது.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கொச்சியில், மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். எழுபத்து மூன்று வயதுவரை விளையாட்டென்று நான் எதையும் பார்த்ததில்லை. அந்த வயதில் அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போனோம். வெளியே பனி. வாசல் கதவைத் திறக்கவே நாலு உடுப்பு போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை டிவி முன்னால் உட்கார்ந்து அந்த ஊர் ஃபுட்பால் பார்ப்பார். வேறு வழியில்லாமல் நானும் உட்கார்ந்தேன்.

அந்த ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. பந்து உரித்த தேங்காய் மாதிரி இருக்கும். ஒருவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தூரத்தில் ஓடும் தன் ஆளுக்கு எறியப் பார்ப்பான். அவன் எறிவதற்குள் பாய்ந்துபோய் அவனை மண்ணில் சாய்ப்பதற்கு எதிரணியில் சிலர் உண்டு. அப்படிப் பாய்கிறவர்களில் ஒரு வகைக்கு லைன்பேக்கர் என்று பெயர். மாப்பிள்ளையின் அணியில் ஒரு லைன்பேக்கர் இருந்தான். கதவு அளவு முதுகு. அவனைப் பார்த்தாலே மாப்பிள்ளைக்கு எரியும்.

"மாமா, இவன் சம்பளம் எத்தனை மில்லியன்னு தெரியுமோ? இந்த சீசன்ல எத்தனை பேரை சாச்சிருக்கான் சொல்லுங்கோ பாக்கலாம். நாலு! வெறும் நாலு!"

"வகுத்துப் பாத்தியோ?" என்றேன்.

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் எங்கள் இருவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது அன்றைக்குத்தான். வகுத்தோம். ரூபாயாக்கினோம். ஒரு தடவை சாய்த்ததற்கு ஆகிற காசில் எங்கள் தெருவின் இரண்டு பக்கத்து வீடுகளையும் வாங்கி, மிச்சத்தில் தெருவுக்குக் கூரையும் போடலாம் என்று வந்தது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. முப்பது வருடம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த எதுவும் இப்படி என் எதிரில் வந்து, தலைக்கவசம் மாட்டி, உறுமிக்கொண்டு நின்றதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவன் சம்பளத்தை வகுத்தோம். அவன் யாரையும் சாய்க்காத நாளில் கைதட்டினோம்.

"இந்த வயசுல குஸ்தி பாத்துண்டு என்ன கெக்கலி!" என்றாள் என் மனைவி.

ஊருக்குத் திரும்பியபோது என் பெட்டியில் சாக்லேட் இருந்தது. தலையில் இந்த வகுத்தல் இருந்தது.

எங்கள் பக்கத்தில் செவன்ஸ் என்று ஒரு கால்பந்து உண்டு. அணிக்கு ஏழு பேர், சின்ன மைதானம், பாதிக்கு அரை மணி நேரம். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் என்று மாதாமாதம் கிடையாது. ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி, ஆட்டம் முடிந்ததும் கையில் கொடுப்பார்கள். எங்கள் தெரு கிளப்பின் செயலாளர் சுக்கு வியாபாரி. மலையாளிதான். ஆனால் விருதுநகர் மண்டிகளோடு முப்பது வருடம் பழகியவர், அதனால் தமிழ் பேசுகிற எல்லாரையும் 'அண்ணாச்சி' என்பார். நான் பாலக்காட்டுத் தமிழன், எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அண்ணாச்சி ஆக மாட்டேன். சொன்னாலும் அவர் கேட்பதில்லை.

"அண்ணாச்சி, அமெரிக்காவுல இருந்து கிளப்புக்கு என்ன கொண்டாந்தீங்க?"

அவருடைய சுக்குக் கிடங்கின் வாசலில் சாயா குடித்தபடி லைன்பேக்கர் கதையைச் சொன்னேன். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "நம்ம ஸ்டாப்பருக்கு இப்படி ஒண்ணு போட்டுத் தாங்களேன்" என்றார்.

ஸ்டாப்பர் என்றால் தடுப்பாட்டத்தில் நடுவில் நிற்பவர். எங்கள் ஸ்டாப்பருக்கு அப்போது முப்பத்தாறு வயது. பள்ளுருத்தியில் வீடு. தாத்தா காலத்தில் நகரசபை வேலைக்கென்று வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். எங்கள் தெருவுக்கு வாரம் இரண்டு தடவை வருவதும் அந்த லாரிதான். ஒரு ஆட்டத்துக்கு மூவாயிரம் ரூபாய் வாங்கினார். மற்ற தடுப்பாட்டக்காரர்களுக்கு ஆயிரம்தான். அந்த வித்தியாசம் செயலாளர் கண்ணில் தூசியாக உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆறு ஆட்டங்கள் எண்ணினேன். மாலை நாலரைக்கு எனக்கென்று எல்லைக்கோட்டின் அருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கையில் நோட்டு. ஸ்டாப்பரோ ஓரத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரரோ எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்தால் அவரவர் பேருக்கு நேரே ஒரு கோடு. அவ்வளவுதான். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "சாமி இன்னைக்கு எத்தனை போட்டீர்?" என்று கேட்பார்கள். இரண்டாவது வாரமே சாயாக்கடையில் வாய்விட்டேன்: "பாதிக் காசுக்குத்தான் பெறுவார்." கடை முழுக்கச் சிரித்தது. வகுப்பறையில் என் பேச்சுக்கு ஒருவரும் அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று.

மூன்றாவது ஆட்டத்துக்கு என் மனைவியும் வந்தாள். கோவிலுக்குப் போகிற வழியில் கால் மணி நேரம் நிற்கலாம் என்று வந்தவள், ஆட்டம் முடியும்வரை நின்றாள்.

"அந்தப் பெரியவன் ஓடி வந்தாலே மத்தவா பந்தை எங்கேயாவது ஒதைச்சுட்டு ஒதுங்கிடறா. அதை நோட்டுல எங்க எழுதறேள்?"

"அதுக்குக் கட்டம் இல்லை."

"கட்டம் போட்டா வந்துட்டுப் போறது. நீங்கதானே போடறேள்?"

"பேசாம பாரு."

அவள் சொன்னதை நானும் பார்த்திருந்தேன். நோட்டின் ஓரத்தில், அந்த ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும், பென்சிலால் ஏழு கேள்விக்குறி போட்டிருந்தேன். ஸ்டாப்பர் நெருங்குகிறார், எதிரி பதறி உதைக்கிறான், பந்து வேலியைத் தாண்டிப் போகிறது. ஸ்டாப்பர் பந்தைத் தொடவே இல்லை. அது அவர் செய்த வேலையா இல்லையா? மாணவன் ஒருவன் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவனைத் தட்டிக்கொடுத்திருப்பேன். ஆனால் 'பாதிக் காசு' என்று கடையில் சொல்லியாகிவிட்டது. ரப்பரை எடுத்து ஏழு கேள்விக்குறிகளையும் அழித்தேன். நான் செய்த குற்றம் அந்த அழித்தல்தான்.

ஆறு ஆட்டத்துக்குப் பதினெட்டாயிரம் ரூபாய். பறித்த பந்துகள் பதினைந்து. ஒரு பந்துக்கு ஆயிரத்திருநூறு. ஆயிரம் ரூபாய் வாங்கும் ஓரத்துத் தடுப்பாட்டக்காரருக்கோ ஒரு பந்து முந்நூற்றுச் சொச்சம்தான். அழகான கையெழுத்தில், கோடு போட்டு, கீழே என் கையொப்பத்தோடு கொடுத்தேன். செயலாளர் அதைக் கல்லாப்பெட்டிக்குள் பூட்டி வைப்பார் என்று நினைத்தேன். அவர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். சூரியன் மறைவதற்குள் தோப்பும்படித் துறைமுகத்து மீன் ஏலத்தில்கூட அதைப் பார்த்துவிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்தில் அவருக்கு ஆயிரத்தைந்நூறு. அவர் பந்தைத் தொட்டபோது மைதானத்தின் தென்கோடியிலிருந்து ஒரு குரல்: "ஆயிரத்திருநூறே!" உடனே வடகோடியிலிருந்து: "போச்சு ஆயிரத்திருநூறு!" அன்றிலிருந்து அதுவே அவர் பெயர்.

அந்த வாரம் லாரி வந்தது. வழக்கமாக என் மனைவிதான் குடத்தோடு போவாள். அன்றைக்கு அவளுக்கு முதுகுவலி. வரிசையில் நான் நின்றேன். அவர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"வாங்க சாமி, வாங்க. ஒரு சம்சயம். டீசல், லாரி, பின்னே ஞான், எல்லாம் சேத்து ஒரு குடத்துக்கு எத்தனை ரூபா ஆகும்? ஒரு பேப்பர்ல எழுதித் தரணும் கேட்டோ. அழகா கோடு போட்டு."

தெருவே சிரித்தது. எதிர்வீட்டு அம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் அசிங்கம். குடம் நிறைந்ததும் அவர் குழாயை மூடிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"காசு போகட்டும் சாமி. சீசன் முடியப் போகுது. எப்பவும் இந்த சமயத்துல நாலு கிளப்புல இருந்து போன் வரும், அடுத்த சீசனுக்கு வர்றியான்னு. இந்தத் தடவை ஒருத்தன் விளிக்கலை. நம்ம கிளப்பும் அடுத்த சீசனுக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு. இந்த வயசுல ஒரு சீசன் வீட்டுல இருந்தா, பின்னே ஆருக்கும் நம்மை ஓர்மை இருக்காது."

குடத்தைத் தூக்கி என் தோளில் வைத்தும் விட்டார். வீடுவரை தண்ணீர் என் சட்டைக்குள் வழிந்துகொண்டே வந்தது.

நான் அன்றைக்கே எதையும் செய்யவில்லை. வெட்கத்தோடு பத்து நாள் சும்மா இருந்தேன். பிறகு அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளையின் போன். எடுத்ததும் புலம்பல்.

"மாமா, நம்ம லைன்பேக்கரை அனுப்பிட்டா! பாதி சம்பளத்துக்குப் புதுசா ஒருத்தன். எட்டு தடவை சாச்சுட்டான்."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது! டீம் தோத்துண்டே இருக்கு. பந்து எறியறவன் இப்போ ஹாயா நின்னு, நாலு பக்கமும் பாத்து, காப்பி குடிக்காத குறையா எறியறான். முன்னாடி பழைய ஆள் வரான்னு பயந்தே தப்பு தப்பா எறிஞ்சிருக்கான் மாமா. நம்ம அதை எண்ணவே இல்லையே!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. நிறுத்த முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "என்னன்னா, மாத்திரை போட்டுண்டேளா?" பதினாயிரம் மைல் தள்ளி இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறோம் என்று அவளிடம் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. மாப்பிள்ளைக்குத் தெரியாமல் செய்த தப்பு. நான் ரப்பரால் அழித்துச் செய்தது. அதையும் அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "நோட்டை எடுத்துண்டு வாங்கோ" என்றாள்.

கிளப் எல்லா ஆட்டத்தையும் போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தது. அதே ஆறு ஆட்டங்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒன்றாக இருவரும் பார்த்தோம். புதிய கட்டம் போட்டோம். அதற்குப் பெயர் வைத்தது அவள்தான்: 'பயந்தது'. புள்ளியியல் அகராதியில் இல்லாத சொல், ஆனால் இதைவிடச் சரியான சொல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அவள் எண்ணுவதைப் பார்க்க வேண்டும். கடலை உரித்துக்கொண்டே, "இதோ வரான்... வரான்... ஹோ, பயந்துட்டான்! போடுங்கோ!" என்று என் தொடையில் அடிப்பாள். சந்தேகம் வந்தால் திரும்ப ஓட்டிப் பார்ப்போம். "இவன் பயப்படலை, செருப்பு சரியில்லை" என்று இரண்டை அவளே தள்ளுபடி செய்தாள். எங்கள் கல்யாணத்தில் அந்த ஆறு மதியங்களுக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியாது.

பயந்தது நூற்றைந்து. பறித்தது பதினைந்து. மொத்தம் நூற்றிருபது. பதினெட்டாயிரத்தை நூற்றிருபதால் வகுத்தால் நூற்றைம்பது ரூபாய். ஓரத்துத் தடுப்பாட்டக்காரருக்கும் அதே முறையில் எண்ணினோம். அவரைக் கண்டு ஒரு ஆட்டத்தில் ஒருவர் பயந்தாலே அதிகம். மொத்த அணியில் ஸ்டாப்பர்தான் மலிவு.

இரண்டாவது தாளோடு சுக்குக் கிடங்குக்கு ஓடினேன். செயலாளர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, பயத்தை எல்லாம் பில்லுல ஏத்த முடியாது."

"அப்போ இதையும் வாட்ஸ்அப்புல போடுங்கோ."

"போட்டா என் மானம் என்னாவுறது? பாதிக் காசு குடுத்தவன் நானுல்ல!"

சீசனின் கடைசி ஆட்டம் பள்ளுருத்திக் கிளப்போடு. செவன்ஸில் ஆட்டம் நடக்கும்போதே ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டே இருப்பார். எங்கள் அறிவிப்பாளருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. இடைவேளையில் அவருக்குச் சுக்குக் கஷாயம் கொடுத்து மைக்கை வாங்கினேன். கஷாயத்துக்குச் சுக்கு செயலாளர் கிடங்கிலிருந்துதான் வந்தது. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

என் மலையாளத்தில் தமிழ் ராகம் உண்டு. ஆயிரத்திருநூறு என்று எழுதியவன் நான்தான், அது பொய், தெரிந்தே செய்தேன் என்றேன். "சாமியே, கால்குலேட்டரை மாத்து!" என்று ஒருவர் கத்தினார். சிரிப்பு. நான் விடவில்லை. இவர் நெருங்கினால் எதிரி பயப்படுகிறான், அதை நான் எண்ணவில்லை, நீங்களே இப்போது எண்ணிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, எப்படி எண்ணுவது என்பதையும் ஆசிரியர் புத்தியில் விளக்கினேன்.

இரண்டாம் பாதி தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டாப்பர் நெருங்கினார், பள்ளுருத்தி ஆள் பதறி உதைத்தான். "பேடிச்சே!" என்று ஒரு குரல். பயந்துட்டான் என்பதற்கு மலையாளத்தில் அப்படித்தான். உடனே பத்துக் குரல்: "ஒந்நு!" மறுபடி நெருங்கினார். "பேடிச்சே! ரண்டு!" அஞ்சு வரும்போது மைதானம் முழுக்க எண்ணியது. ஐஸ் விற்பவர் பெட்டியில் தாளம் போட்டார். என் மனைவி எழுந்து நின்றாள். ஸ்டாப்பர் கயிறு அறுத்த கன்றுக்குட்டியாக எல்லா மூலைக்கும் ஓடினார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு எண். பள்ளுருத்திக்காரர்களுக்கு ரோஷம் வந்தது. பயமில்லை என்று காட்ட, ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அவர் போய் எடுத்துக்கொண்டார். இன்னொருவன் நின்றான். அதையும் எடுத்துக்கொண்டார். மூன்றாமவன் நிற்பது போல நின்று, அவரைத் தாண்டிப்போய் கோல் போட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். தோற்ற ஆட்டத்தில் அத்தனை சிரித்த கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்து அவர் என் நாற்காலிக்கு நேரே வந்தார். முழங்காலில் கை வைத்துக் குனிந்து நின்றார்.

"சாமி, இனி மைக் எடுக்கண்டா. ஜனம் எண்ணுறதைக் கேட்டு கால் தன்னாலே ஓடுது. நெஞ்சு இப்ப வெளிய வந்து விழும்."

அவர் சிரிக்கிறாரா, மூச்சு வாங்குகிறாரா என்று தெரியவில்லை. "என்னை மன்னிக்கணும்" என்றேன்.

"அது பின்னே பாக்கலாம். குடிக்க வெள்ளம் உண்டோ?"

தண்ணீர் லாரிக்காரருக்கு என் பாட்டிலைக் கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டுக் காலி பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கணித்திருக்க வேண்டும். கணிக்கவில்லை. யாரெல்லாம் எத்தனை தடவை பயந்தார்கள் என்று கூட்டம் எண்ணியதை யாருமே மறக்கவில்லை. பயந்தவர்கள் அதைவிட மறக்கவில்லை. பள்ளுருத்திக் கிளப் அவருக்குப் போன் செய்தது. அடுத்த சீசனுக்கு, ஆட்டத்துக்கு நாலாயிரம்.

செயலாளர் என் வீட்டு வாசலுக்கே வந்து கத்தினார். "அண்ணாச்சி, நம்ம சேர்ல உக்காந்து, நம்ம மைக்ல பேசி, நம்ம ஆளை அடுத்தவனுக்கு வித்துட்டீங்களே!" வேண்டாம் என்று முதலில் சொன்னது அவருடைய கிளப்தான், ஆனால் மற்றபடி அவர் சொன்னதில் பிழையில்லை. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை, எங்கள் மைதானத்தில் எனக்கு நாற்காலியும் இல்லை. வேறு கிளப்புகளின் தடுப்பாட்டக்காரர்கள் மூன்று பேர், தங்களைக் கண்டும் ஆட்கள் பயப்படுகிறார்கள், வந்து எண்ண வேண்டும் என்று வீடு தேடி வந்தார்கள். சாயா கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஒன்றை மட்டும் என்னால் திருப்ப முடியவில்லை. இந்த சீசனின் முதல் ஆட்டம் பார்க்க ஆட்டோ பிடித்துப் பள்ளுருத்திக்குப் போனோம், நானும் மனைவியும். எதிரணி எங்கள் தெருக் கிளப்தான். ஸ்டாப்பர் புதுச் சட்டையில் நடுவில் நின்றார். அறிவிப்பாளர் அவர் பெயரை மைக்கில் சொன்னார், கூட்டம் அசையவில்லை. பிறகு எங்கிருந்தோ "ஆயிரத்திருநூறே!" என்றார்கள். மைதானமே கைதட்டியது, அவர் கையை உயர்த்தினார். பிரியமாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் அது என் கையெழுத்தில் எழுதிய எண். நூற்றைம்பது என்று யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

நான் எழுந்து வேலியைப் பிடித்துக்கொண்டு, என்னால் முடிந்தமட்டும் உரக்க, அவருடைய பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பக்கத்திலிருந்தவர், "யாரையாணு சாமி தேடுறது?" என்று கேட்டார். மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன்.

"விடுங்கோ, உங்களுக்குக் கூப்பிடத் தெரியலை" என்று என் மனைவி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "ஆயிரத்திருநூறே!"

அவர் சட்டென்று திரும்பினார். எங்களைப் பார்த்தார், பல் தெரியச் சிரித்தார், இரண்டு கையையும் ஆட்டினார். அந்த நேரம் பார்த்து எங்கள் தெரு முன்னணி ஆட்டக்காரன் பந்தோடு அவருக்குப் பின்னால் வந்தான். அவர் முதுகைக் கண்டதுமே பதறி, பந்தை வேலிக்கு வெளியே உதைத்தான். அது என் தலைக்கு மேலே போயிற்று.

"பேடிச்சே!" என்று கத்தினேன்.